ஜூரி, நைட் அவுட், பயிற்சி: ஆர்க்கிடெக்சர் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆர்க்கிடெக்சர் படிக்கிற பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாக்களும் எழுதியவை. சொந்த அலுவலகம் நடத்திக்கொண்டே கல்லூரியில் ஸ்டுடியோ வகுப்பும் எடுப்பவள், மாணவர்களின் டிசைனைப் பார்த்துக் கருத்துச் சொல்கிற ஜூரியிலும் உட்காருபவள் என்பதால் இந்தக் கேள்விகள் எனக்குப் பழக்கமானவைதான். ஆனால் ஒவ்வொரு வருடமும் அதே வயிற்றுக் கலக்கத்தோடு யாராவது புதிதாகக் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: மேடம், பி.ஆர்க் முதல் வருடம் படிக்கிறேன். குழந்தைகளுக்கான சின்ன நூலகம் டிசைன் பண்ணச் சொன்னார்கள். ராத்திரி பகலாக உட்கார்ந்து மாடல் எல்லாம் செய்தேன். ஜூரிக்கு வந்தவர் சரியாகக்கூடப் பார்க்காமல் "எதுவுமே வொர்க் ஆகலையே" என்று சொல்லிவிட்டார். எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். எனக்கு இந்தப் படிப்பு வராதோ? – மாணவி, திருநெல்வேலி

பதில்: வரும். முதல் வருடத்தில் ஜூரி முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வராத பிள்ளைகள் குறைவு, அப்படி வந்தவர்கள்தான் இன்றைக்கு ஊர் ஊராகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர் பேசிய விதம் சரியில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எது வொர்க் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று சொல்லத்தான் ஜூரிக்கு ஆளைக் கூப்பிடுகிறார்கள். அவர் சொல்லவில்லை என்றால் நீங்கள் கேட்கலாம். "சார், எந்த இடத்தில் என்று காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்" என்று கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். ஒரு வகுப்பில் 40 பேருடைய வரைபட ஷீட்டை வரிசையாகப் பார்த்துக் களைத்துப்போனவர், அந்தக் கேள்விக்காகவே நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்.

நீங்கள் அனுப்பிய பிளானின் படத்தைப் பெரிதுபடுத்திப் பார்த்தேன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். தரைத்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் 3 மீட்டர் உயரம் என்று போட்டிருக்கிறீர்கள். பொதுக் கட்டடத்தில் ஒரு படியின் உயரம் 150 மில்லிமீட்டர், கால் வைக்கும் அகலம் 300 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 20 ஏற்றம் வேண்டும். நேராக ஏறும் படிக்கட்டில் கால் வைக்கும் பலகை 19 வரும், ஆக அந்தப் படிக்கட்டுக்கு 5.7 மீட்டர் நீளம் வேண்டும். நீங்கள் விட்டிருப்பது 3 மீட்டர். அந்த இடத்தில் ஏணிதான் வைக்கலாம், அதில் ஆறு வயதுக் குழந்தை புத்தகத்தோடு ஏற முடியாது. ஜூரியில் இருந்தவர் கண்ணுக்கு முதலில் அதுதான் பட்டிருக்கும். நடுவில் திரும்பி ஏறுகிற மாதிரி இரண்டு பாதியாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் 2.7 மீட்டரில் அடங்கிவிடும், லேண்டிங்குக்குத் தனியாக இடம் விட வேண்டும். இதற்காகக் கட்டடத்தையே மாற்ற வேண்டியதில்லை, ஒரு சுவரைத் தள்ளினால் போதும்.

இன்னொன்று. வாசலில் செருப்பு விட இடம் இல்லை. நம் ஊர்க் குழந்தைகள் நூலகத்தில் பாய் விரித்துத்தான் உட்காருவார்கள், முப்பது பிள்ளைகள் வந்தால் அறுபது செருப்பு, மழைக்காலத்தில் முப்பது குடை. உங்கள் ஷீட்டில் கான்செப்ட் என்று பட்டாம்பூச்சியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதை எழுதிய நேரத்தில் அந்த வாசலைப் பற்றி யோசித்திருந்தால் நல்ல ஒரு திண்ணையே கிடைத்திருக்கும். குழந்தை உட்கார்ந்து செருப்பைக் கழற்றுகிற உயரத்தில், கூட வந்த பாட்டி காத்திருக்கிற நிழலில். அடுத்த ஜூரியில் பேச்சை அங்கிருந்து ஆரம்பியுங்கள். யார் வருகிறார்கள், எந்த வழியாக வருகிறார்கள், வெயில் எந்தப் பக்கம் என்று, கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டினாற்போல் வரைகிற செக்‌ஷனைக் காட்டிச் சொல்லுங்கள். அப்புறம், நீங்கள் பேசும்போது பக்கத்தில் ஒரு தோழியை நிறுத்தி அவர்கள் சொல்வதை எல்லாம் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பதற்றத்தில் நம் காதில் திட்டு மட்டும்தான் விழும், நடுவில் சொன்ன நல்ல யோசனை விழாது. சாயங்காலம் அந்தத் தாளை எடுத்து நிதானமாகப் படியுங்கள்.

கேள்வி: ராத்திரி முழுக்க விழித்து வேலை செய்கிற நைட் அவுட் போடாமல் ஆர்க்கிடெக்சர் படிக்கவே முடியாதா? சீனியர்கள் எல்லாம் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். நான் சீக்கிரம் தூங்குகிறவன். – இரண்டாம் ஆண்டு மாணவர், கோவை

பதில்: முடியும் தம்பி. சீக்கிரம் தூங்குங்கள்.

இந்தப் பெருமை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. விடியற்காலை மூன்று மணிக்கு ஃபோம் போர்டு வெட்டும்போதுதான் கட்டர் விரலில் இறங்குகிறது, ஃபெவிகுவிக் கண்ணுக்குப் போகிறது. தூங்காமல் இருந்துவிட்டு ஐந்து மணிக்கு பிரிண்ட் எடுக்க பைக்கை முறுக்கிக்கொண்டு போகிற பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பகீரென்று இருக்கிறது. ஒரு ஷீட்டும் அதற்குப் பெறாது.

நைட் அவுட் ஏன் வருகிறது என்று கவனித்துப் பார்த்திருக்கிறேன். வேலை அதிகம் என்பது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் டிசைனை முடிவு செய்யாததால் வருகிறது. சப்மிஷனுக்கு இரண்டு நாள் முன்புகூட பிளானை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், மாற்ற மாற்ற செக்‌ஷன், வெளித்தோற்றம் காட்டும் எலிவேஷன், மாடல் எல்லாம் திரும்பவும் முதலிலிருந்து. அதனால் சப்மிஷன் தேதியிலிருந்து ஒரு வாரம் பின்னால் எண்ணி, அன்றைக்கு டிசைனைப் பூட்டிவிடுங்கள். அதற்கப்புறம் எவ்வளவு நல்ல யோசனை வந்தாலும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த பிராஜெக்டுக்குப் போங்கள். அந்த ஒரு வாரம் வரைவதற்கு மட்டும். ரிவ்யூவுக்கு அழகாக வரைந்து கொண்டுபோக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், டிரேசிங் தாளில் பென்சிலால் கிறுக்கியதை அன்றன்றைக்கே காட்டுங்கள். கிறுக்கலைத் திருத்துவது எனக்கும் சுலபம், கட்டிமுடித்த மாடலைப் பார்த்து "இதை மாற்று" என்று சொல்ல எங்களுக்கும் மனசு வராது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று பாடங்களின் சப்மிஷனை ஒரே வாரத்தில் வைத்துவிட்டு "பிள்ளைகளுக்கு நேர நிர்வாகம் தெரியவில்லை" என்று நாம் சொல்லக் கூடாது. செமஸ்டர் ஆரம்பத்திலேயே உட்கார்ந்து தேதிகளைப் பிரித்து வையுங்கள். ஒரு மணி நேரம் பேசினால் முடிகிற வேலை.

கேள்வி: மகள் ஆர்க்கிடெக்சர் சேர்ந்ததிலிருந்து வாரா வாரம் பணம் கேட்கிறாள். போர்டு, பேனா, பிரிண்ட், இப்போது லேப்டாப். நான் சின்னக் கடை வைத்திருக்கிறேன். எது உண்மையிலேயே தேவை, எது இல்லை என்று சொல்லுங்கள் அம்மா. – ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: ஐயா, உங்கள் மகள் பொய் சொல்லவில்லை, இந்தப் படிப்பில் ஃபீஸுக்கு மேல் செலவு இருக்கிறது. ஆனால் பாதியைக் குறைக்கலாம்.

முதல் வருடத்துக்குப் பெரிய லேப்டாப் வேண்டாம், அந்த வருடம் பெரும்பாலும் கையால்தான் வரைய வேண்டும். இரண்டாம் வருடம் வாங்கும்போது 16 ஜிபி ராமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் இருக்கிற மாதிரி ஒரே தடவையாக வாங்கிவிடுங்கள், ஐந்து வருடம் ஓட வேண்டும். வரைவதற்கான ஆட்டோகேட், ரெவிட் சாஃப்ட்வேர் இரண்டுக்கும் மாணவர் கணக்கு வைத்து இலவசமாகவே அனுமதி வாங்கலாம், கல்லூரி அடையாள அட்டை இருந்தால் போதும். முப்பரிமாணப் படம் செய்கிற பிளெண்டர் எல்லோருக்குமே இலவசம். யாரோ பென்டிரைவில் கொடுக்கிற திருட்டு சாஃப்ட்வேரை ஏற்றிவிட்டு, சப்மிஷன் அன்று வைரஸ் வந்து ஃபைல் போய்விட்டது என்று நிற்க வேண்டாம்.

மாடலுக்கு விலை உயர்ந்த போர்டு ஒவ்வொரு தடவையும் தேவையில்லை. யோசிப்பதற்காகச் செய்கிற மாடல்களுக்கு உங்கள் கடைக்கு வருகிற அட்டைப்பெட்டியே அருமையான பொருள், பிஸ்கட் பெட்டி, டீத்தூள் பெட்டி எதுவாக இருந்தாலும் சரி. கடைசி மாடலுக்கு மட்டும் நல்ல போர்டு வாங்கட்டும். பிரிண்ட் விஷயத்தில் பணம் போவது பிழையால்தான், ஏ1 அளவில் நேராக எடுத்துவிட்டு எழுத்துப்பிழை தெரிந்ததும் திரும்ப எடுப்பார்கள். முதலில் ஏ3 கருப்பு வெள்ளையில் எடுத்துச் சரிபார்த்துவிட்டு அப்புறம் ஏ1 போகச் சொல்லுங்கள். பணம் கொடுத்து வெளியே மாடல் செய்து வாங்குகிறாள் என்றால் மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள். அட்டையை வெட்டி ஒட்டும்போதுதான் சுவர் எங்கே நிற்கும், கூரை எங்கே உட்காரும் என்பது கைக்குப் புரிகிறது. மகள் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், கல்லூரி வழியாக விண்ணப்பித்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். எனக்கு மனித முகம், இயற்கைக் காட்சி எல்லாம் வரைய வராது. ஆர்க்கிடெக்சர் நுழைவுத்தேர்வான நாட்டா எழுதலாமா? – மாணவர், தருமபுரி

பதில்: தாராளமாக எழுதலாம். முகம் வரைவது அங்கே பெரிய விஷயமே இல்லை. 2024-இல் வந்த முறைப்படி மொத்தம் 200 மதிப்பெண்ணில் 80 வரைதலுக்கும் முப்பரிமாண அமைப்புக்கும், 120 கணினியில் எழுதும் பகுதிக்கு. உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, தூண் தள்ளிப்போகப் போக எப்படிச் சின்னதாகிறது, நிழல் எங்கே விழுகிறது, மனிதர் உயரத்துக்குக் கூரை எவ்வளவு என்று தினமும் அரை மணி நேரம் வரைந்து பழகுங்கள். தமிழ்நாட்டு கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கும் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணுக்கும் சரிபாதி இடம், அதனால் கணக்கை விட்டுவிடாதீர்கள். திருச்சி என்.ஐ.டி. போக ஆசை என்றால் நாட்டா போதாது, ஜே.இ.இ. மெயினில் ஆர்க்கிடெக்சருக்கான தாளைத் தனியாக எழுத வேண்டும். சேரப்போகும் கல்லூரிக்கு, இந்தப் படிப்பையும் தொழிலையும் ஒழுங்குபடுத்துகிற கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் அனுமதி இருக்கிறதா என்று அவர்களுடைய இணையதளத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள், ஏஜென்ட் சொல்வதை நம்ப வேண்டாம்.

கேள்வி: பி.ஆர்க், உள்ளலங்காரம் படிக்கிற இன்டீரியர் பி.டெஸ், எது நல்லது? – மாணவி, ஈரோடு

பதில்: இரண்டும் வேறு வேறு வேலை. பி.ஆர்க் ஐந்து வருடம், 1972-ஆம் வருடச் சட்டப்படி கவுன்சிலில் பதிவு செய்த பிறகுதான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும். பி.டெஸ் நான்கு வருடம், அதற்கு அப்படி ஒரு பதிவு கிடையாது. உள்ளே நுழைந்ததும் உங்கள் கண் நாற்காலி, வெளிச்சம், துணி, மரவேலை என்று போகிறதா, அல்லது இந்தக் கட்டடம் எப்படி நிற்கிறது, மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று போகிறதா? அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே இருக்கிற கட்டடத்தை ஆராய்கிற கேஸ் ஸ்டடிக்கு எல்லோரும் இணையத்திலிருந்து ஜப்பான், டென்மார்க் கட்டடங்களை எடுத்து ஒட்டுகிறார்கள். நானும் அப்படியே செய்யவா? நேரில் போய்ப் பார்க்க எங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது? – மூன்றாம் ஆண்டு மாணவர், நாகர்கோவில்

பதில்: நாகர்கோவிலில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா! தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. மரத்தால் வெயிலையும் மழையையும் காற்றையும் எப்படிக் கையாளலாம் என்பதை ஒவ்வொரு ஜன்னலிலும் பார்க்கலாம். ரயில் ஏறினால் திருவனந்தபுரம், தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே குறைந்த செலவில் கட்டுவதற்குப் பெயர்பெற்ற ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ். கட்டாயம் போங்கள்.

போனதும் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். ஒரு காபி சொல்லிவிட்டு உட்காருங்கள். கட்டடமே ஒரு சுருள் சாய்தளம், தரை சுற்றிச் சுற்றி மேலே ஏறிக்கொண்டே போகிறது. அப்படியிருந்தும் உங்கள் மேசையில் காபி சிந்துவதில்லை. எப்படி? மேசையும் இருக்கையும் வெளிச்சுவரை ஒட்டிச் சமதளமாகக் கட்டப்பட்டு, படிப்படியாக உயர்ந்து போகின்றன, சாய்வு முழுவதும் நடக்கிற பாதைக்கு. சுவரில் வரிசையாக விட்ட சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாகக் காற்றும் வெளிச்சமும் வருகின்றன, கண்ணாடிச் செலவு இல்லை. டேப்பை எடுத்து அந்த இருக்கையின் உயரம், மேசையின் அகலம், பரிமாறுகிறவர் தட்டோடு நடக்கிற பாதையின் அகலம் மூன்றையும் அளந்து, அங்கேயே ஒரு செக்‌ஷன் போடுங்கள். சாப்பிட வந்தவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. அதே ஊரில் உள்ளூர் என்கிற பகுதியில் பேக்கருடைய சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் வளாகமும் இருக்கிறது, கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போனால் நல்லது. செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுகிற ராட் டிராப் முறையைப் புத்தகத்தில் எத்தனை தடவை படித்தாலும், அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தால்தான் ஏறக்குறைய கால் பங்கு செங்கல் எப்படி மிச்சமாகிறது என்பது விளங்கும்.

இணையத்தில் இருக்கிற வெளிநாட்டுக் கட்டடத்தையும் படியுங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே உங்கள் உடம்பு போகவில்லை, அது சூடா குளிரா என்று உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: மேடம், நான் கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். டிசைன் ஓரளவு வருகிறது, ஆனால் ஜூரியில் இங்கிலீஷில் பேச நாக்கு எழவில்லை. சிட்டி பசங்க சும்மா பேசியே மார்க் வாங்கிவிடுகிறார்கள். – இரண்டாம் ஆண்டு மாணவர், புதுக்கோட்டை

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, பேச்சுக்கு மார்க் போடுகிற ஜூரியும் இருக்கிறது. அதற்கு இரண்டு வழி. ஷீட்டையே பேச வையுங்கள், எந்த அறை எது, காற்று எந்தப் பக்கம், மழைநீர் எங்கே என்று அம்புக்குறியோடு தெளிவாக வரைந்திருந்தால் நீங்கள் ஐந்து வாக்கியம் சொன்னால் போதும். அந்த ஐந்தை முதல் நாளே எழுதி, அறைத் தோழனிடம் நாலு தடவை சொல்லிப் பாருங்கள். நடுவில் தடுமாறினால் "தமிழில் சொல்லட்டுமா" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் நடக்கிற ஜூரியில் அதை மறுக்கிறவர் தவறு செய்கிறார், நான் உட்கார்ந்த இடத்தில் அப்படி நடக்க விட்டதில்லை.

உங்களிடம் இருக்கிற ஒரு பலத்தை நீங்கள் கவனிக்கவில்லை. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு செட்டிநாட்டு வீடு ஒன்றை அளக்கப் போயிருந்தோம். நன்றாக இங்கிலீஷ் பேசுகிற பிள்ளைகள் டேப்பும் லேசர் கருவியுமாக முகப்பிலிருந்து, நடுமுற்றமான வளவு வரைக்கும் அளந்து தள்ளினார்கள். உங்களைப் போன்ற ஒரு பையன் மட்டும் அந்த வீட்டு ஆச்சியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "வளவைச் சுற்றி ஏன் ஆச்சி இத்தனை அறை?" என்று கேட்டான். அவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை, சாமான் அதில்தான், படுப்பது வெளியே தாழ்வாரத்தில், எந்த அறை யாருக்கு, கல்யாணத்தன்று யார் எங்கே உட்காருவார்கள், வானம் திறந்த அந்த நடுமுற்றத்தில் மழை பெய்தால் வெண்கல அண்டாவை எங்கே வைப்பார்கள் என்று ஒன்றுவிடாமல். அன்று எடுத்த அளவுகளுக்கு எல்லாம் உயிர் வந்தது அவன் எழுதிய அந்த நாலு பக்கத்தில்தான். நாளைக்கு சைட்டில் கொத்தனாரிடமும் கம்பி கட்டுகிறவரிடமும் தச்சரிடமும் பேசிக் காரியம் வாங்கப்போவது நீங்கள்தான். இந்திய ஆர்க்கிடெக்சர் மாணவர்களின் தேசிய சங்கமான நாசா நடத்துகிற போட்டிகளில் ஆவணப்படுத்தலுக்கென்றே அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லூயி கான் பெயரில் ஒரு கோப்பை இருக்கிறது, உங்கள் கல்லூரிக் குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள். இங்கிலீஷும் கற்றுக்கொள்ளுங்கள், வேலைக்கு வேண்டும், அதில் சமாதானம் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஏஐ-யில் கட்டடத்தின் நிஜம் போன்ற படம் (ரெண்டர்) எடுத்து ஷீட்டில் போட்டால் தப்பா? – மாணவி, சென்னை

பதில்: உங்கள் கல்லூரி விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள், போட்டால் ஏஐ என்று ஷீட்டிலேயே எழுதுங்கள். ஆனால் அந்தப் படத்தில் இருக்கிற பால்கனியை எந்த பீம் தாங்குகிறது என்று கேட்பார்கள், அதற்கு நீங்கள் செக்‌ஷன் வரைந்திருக்க வேண்டும். வரைய முடியாத எதையும் ஒட்டாதீர்கள்.

கேள்வி: அடுத்த செமஸ்டர் பயிற்சிக்குப் போகிறோம். ஒரு பெரிய அலுவலகம் "ஸ்டைபெண்ட் கிடையாது, பேர் கிடைக்கும்" என்கிறது. ஒரு சின்ன அலுவலகம் கொஞ்சம் பணம் தருகிறேன் என்கிறது. எங்கே போவது? – நான்காம் ஆண்டு மாணவி, மதுரை

பதில்: சின்ன அலுவலகத்துக்குப் போங்கள். வேலை வாங்கிக்கொண்டு ஒரு ரூபாய்கூடத் தர மாட்டேன் என்பதை நான் எந்தக் காலத்திலும் ஏற்க மாட்டேன், வெளியூரில் வாடகையும் சாப்பாடும் பஸ்ஸும் யார் கொடுப்பது? வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் அப்படிப் போக முடியும் என்றால், நல்ல அலுவலகங்களின் கதவு மற்றவர்களுக்கு அங்கேயே மூடிவிடுகிறது.

சேருவதற்கு முன் மூன்று விஷயம் கேட்டு மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். எவ்வளவு தருவார்கள், வேலை நேரம் என்ன, வாரத்தில் எத்தனை நாள் சைட்டுக்கு அனுப்புவார்கள். கடைசியாகக் கேட்டதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரு செமஸ்டர் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து டாய்லெட் டீடெய்ல் வரைந்துவிட்டுத் திரும்பினால் நஷ்டம் உங்களுக்குத்தான். கூரை கான்கிரீட் போடுகிற நாளன்று காலையிலேயே போய் நில்லுங்கள். கம்பிக்கு அடியில், அதை மூடுகிற கான்கிரீட்டின் கனம் குறையாமல் தாங்குகிற கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள், ஸ்லாபுக்கு 20, தூணுக்கு 40 மில்லிமீட்டர் என்று வகுப்பில் எழுதியது அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். எலக்ட்ரிக்கல் பைப் எந்த வழியாகப் போகிறது, வரைபடத்தில் இல்லாத பீம் எப்படி வந்தது என்று மேஸ்திரியிடம் கேளுங்கள், பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். தலைக்கவசமும் மூடின செருப்பும் போட்டுக்கொண்டு போங்கள், பெண் பிள்ளைகளுக்குச் சைட்டில் கழிப்பறை இருக்கிறதா என்று முன்பே அலுவலகத்தில் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அது உங்கள் உரிமை, அவர்கள் செய்துதர வேண்டிய ஏற்பாடு.

அலுவலகம் நடத்துகிறவர் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்பதையும் பார்த்துவிடுங்கள், பதிவு இல்லாதவர் கொடுக்கிற சான்றிதழைக் கல்லூரி ஏற்காமல் போகலாம். போர்ட்ஃபோலியோவில் பளபளப்பான ரெண்டர்களோடு கையால் வரைந்த ஒரு செக்‌ஷனையும் சேர்த்து அனுப்புங்கள், என் அலுவலகத்துக்கு வருகிற விண்ணப்பங்களில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.